முகமூடிக்காரன் சிலுவை போட்ட படம்

போன மாதம் இணையச் செய்தித் தளம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். ஏதோ ஒரு கொலைப் படத்தின் மூன்றாம் பாகத்துக்கு இடைவேளையிலேயே செல்போனில் விமர்சனம் எழுதி அனுப்பிவிட்டு நேரே இங்கே வருவதாகச் சொன்னார். மீதிப் படம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதை இன்னொருத்தர் பார்த்துக்குவார் சார்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு மாலைப் பத்திரிகையில் நான் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் கண் செல்போனிலேயே இருந்தது. பாதிக்கு மேல் காதில் ஏறவில்லை என்று தெரிந்ததால் முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் பத்திரிகைக்கு நாலே பக்கம். எந்தக் கப்பல் வந்தது, உப்பு என்ன விலை, கருப்பட்டி என்ன விலை, யார் இறந்தார்கள், இவ்வளவும் போக மிச்சமிருந்த இடத்தில்தான் நாட்டு நடப்பு. நான் உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி வீட்டுப் பிள்ளை. தராசு பிடிக்கத் துப்பில்லை என்று வீட்டில் முடிவு செய்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். முதலில் கப்பல் செய்தி, பிறகு அச்சுப்பிழை பார்ப்பது, அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் சினிமா விமர்சனம் என்று வளர்ந்தேன். வளர்ச்சி என்றால் அவ்வளவுதான்.

ஆசிரியர் சண்முகசுந்தரம் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். ஆற்றுப் பாசன நெல்வயல் உள்ள குடும்பம். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எழுதிக் கொடுத்ததை அவர் மனதுக்குள் வாசிக்க மாட்டார். எழுந்து நின்றுகொண்டு, உப்பு விலை வாசிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் உரக்க வாசிப்பார். 'நெஞ்சை உலுக்கும் காவியம்' என்று நான் எழுதியதை அந்தக் குரலில் கேட்டபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. அந்த வரியை அவர் அடிக்கவே இல்லை, நானே பேனாவை வாங்கி அடித்தேன். திட்டாமலே ஆளைத் திருத்துகிற வித்தை அவரிடம் இருந்தது.

விமர்சனத்துக்கு அவர் வைத்திருந்த சட்டம் விசித்திரமானது. ஒரு படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை திரையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை சனத்தைப் பார்க்க வேண்டும். பத்திரிகைக்காரன் என்று தியேட்டரில் பாஸ் கொடுத்து மாடியில் உட்காரச் சொல்வார்கள், அதெல்லாம் கிடையாது. இரண்டு தடவையும் தரை டிக்கெட்டில்தான். கொலையாளி யார் என்று எக்காரணம் கொண்டும் எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணால் காணாததை எழுதக் கூடாது. திரும்பி வந்ததும், "என்ன வே, படத்த பாத்தீரா, சனத்த பாத்தீரா?" என்றுதான் கேட்பார்.

இந்தச் சட்டமெல்லாம் சோதனைக்கு உள்ளானது ஒரு கொலைப் படத்தின் இரண்டாம் பாகத்தில்தான். படத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். எடுத்தவர்களின் பிள்ளைகள் இப்போதும் தொழிலில் இருக்கிறார்கள். முதல் பாகத்தில் கறுப்பு முகமூடி போட்ட ஒருவன் மலை பங்களாவுக்குள் புகுந்து ஒவ்வொருவராக வெட்டித் தள்ளுவான், கடைசியில் அருவியில் விழுந்து செத்துப்போவான். அது சக்கைப்போடு போட்டது. அதனால் இரண்டாம் பாகத்தில் அவன் கடலிலிருந்து எழுந்து வந்தான். அருவியில் விழுந்தவன் கடலுக்கு எப்படி வந்தான் என்று கேட்கக் கூடாது. இந்தத் தடவை கடற்கரை பங்களா. குளிக்க இறங்குகிறவர்களை அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துக் கொல்வான். அந்த நாளில் போஸ்டரில் 'இரண்டாம் பாகம்' என்ற எழுத்தே எங்களுக்குப் புதிது. அதற்குக் கீழே, முகமூடி நடிகர் டூப் இல்லாமல் தாமே கடலில் மூழ்கி நடித்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அப்போதெல்லாம் படம் சென்னையில் ஓடி, மதுரையில் ஓடி, பெட்டி தேய்ந்த பிறகுதான் எங்கள் ஊருக்கு வரும். அதற்கு முன்பே சென்னைப் பத்திரிகைகளின் விமர்சனம் வந்துவிடும். இந்தப் படத்தை எல்லோரும் சேர்ந்து அடித்துத் துவைத்திருந்தார்கள். முதல் பாகத்தின் பழைய கஞ்சியைச் சூடு பண்ணி ஊற்றியிருக்கிறார்கள் என்றது ஒரு வார இதழ். தண்ணீருக்கடியில் ஓர் ஓரத்தில் கயிறு தெரிகிறது, அதுகூடத் தெரியாமல் படம் எடுக்கிறார்கள் என்று கேலி செய்தது இன்னொன்று. இலக்கியப் பத்திரிகை ஒன்று மட்டும் வேறு விதமாக எழுதியது. கொலைகாரன் தண்ணீரில் இறங்குமுன் சிலுவை போட்டுக்கொள்கிறானாம். கதைப்படி அவன் ஜமீன்தார் மகன், கிறிஸ்தவனே இல்லை. ஆகவே அது அவனுடைய மனச்சாட்சியின் குறியீடு என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார்கள். அதையும் அண்ணாச்சி உப்பு விலைக் குரலில் வாசித்தார். "மனச்சாட்சி இருந்தா இப்படி ஒரு படம் எடுப்பானா வே?" என்று கேட்டுவிட்டு மடித்து வைத்தார். எல்லாரும் ஒருமுகமாகப் பாராட்டியது முகமூடி நடிகர் தண்ணீருக்குள் காட்டிய துணிச்சலை மட்டும்தான்.

இந்தச் சிலுவை விஷயம் எங்கள் ஊர்ப் பங்குச் சாமியார் காதுக்கும் போய்விட்டது. கொலைகாரனைச் சிலுவை போட வைத்து வேதத்தைக் கேலி செய்கிறார்கள், யாரும் அந்தப் படத்துக்குப் போகக் கூடாது என்று ஞாயிறு பூசையில் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர், படம் பார்க்காதவர். கடற்கரைத் தெருப் பெண்கள் ஒருவர்கூடப் போகவில்லை. ஆண்கள் போனார்கள். செய்த பாவத்தைச் சாமியாரிடமே சொல்லி மன்னிப்பு வாங்கப் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று இருக்கிறது என்ற தைரியம்தான்.

படம் வந்த முதல் நாள் மேட்னிக்கு நான் போனேன். தரை முழுக்கக் கடற்கரை ஆட்கள். முதல் கொலைக்கு யாரும் பயப்படவில்லை, வேர்க்கடலைதான் தின்றுகொண்டிருந்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது. முகமூடிக்காரன் பாறை மேல் வந்து நின்றான். நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போட்டான். பெருவிரலை உதட்டில் வைத்து முத்தமிட்டான். பிறகு வலது கையால் தன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான்.

வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு முன்னாலிருந்து ஒருவர், "ஏலே, இது நம்ம சூசைல்லா" என்றார். அவ்வளவுதான். தரை முழுக்க சூசை, சூசை என்று கத்திக் கைதட்டியது. திரையில் ஒரு பெண் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கிறாள், இங்கே விசில் பறக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் யார் சூசை என்று கேட்டேன்.

"சங்கு குளிக்கிற சூசை, சார். எங்க வள்ளத்து ஆளுதான். இறங்குமுன்ன இப்படித்தான் செய்வான். சிலுவ எல்லாருந்தான் போடுவோம். பிடரில அந்தத் தட்டு அவனுக்கு மட்டுந்தான்" என்றார். முகமூடி போட்டாலும் சூட் போட்டாலும், தண்ணீரைக் கண்டதும் கை தன்னால் போயிருக்கிறது. எடுத்தவர்களும் அதைக் கவனிக்கவில்லை, அல்லது ஏதோ ஸ்டைல் என்று விட்டுவிட்டார்கள். மனச்சாட்சியின் குறியீடு என்று இரண்டு பக்கம் எழுதிய ஆளை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மறுநாள் காலை சூசையே அலுவலகத்துக்கு வந்தார். நாற்பதை நெருங்கிய வயது, அகன்ற நெஞ்சு. கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பவர்களுக்கு வருகிற காது மந்தத்தால் கொஞ்சம் உரக்கப் பேசுவார்.

"படத்தப் பத்தி எழுதப் போறியளாமே, சார்?"

"ஆமா."

"நான் ஒண்ணும் சொல்ல வரல. சொல்லவும் மாட்டேன். மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதையும் சொல்லக் கூடாது."

 பிறகு அவரே ஆரம்பித்தார். "நீங்களா கண்டுபிடிச்சு எழுதினா அது என் குத்தம் இல்லல்லா?"

சொல்லக் கூடியதை மட்டும் சொன்னார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. போன சங்கு சீசனில் அவர் சில வாரம் ஊரில் இல்லை. எங்கே போனார் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ரயிலடியில் நாலைந்து சினிமாப் பெண்களோடு அவர் வேனில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் புன்னைக்காயலில் போய்ச் சொல்லிவிட்டார். அவர் மனைவி ரோசம்மாவுக்கு அதுதான் பிறந்த ஊர். திரும்பி வந்தவரிடம் ரோசம்மா கேட்டாள். வேலையாகப் போனேன் என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் தன் அண்ணன் லாசர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அவ போனது ஒரு பக்கம். லாசர் மச்சானும் கயிறு பிடிக்க மாட்டேனுட்டாரு சார்" என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலிருந்து ஒரு வழக்கம். கடலுக்கடியில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே வள்ளத்தில் பிடித்திருப்பது அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான், அதனால் அவன் கை அயராது என்பது கணக்கு. லாசர் பெரிய கெட்டிக்காரராம். சூசை உள்ளே போனதும் அவரும் மேலே மூச்சை அடக்கிக்கொள்வாராம். தனக்கு மூச்சு முட்டியதும், கீழிருந்து கயிறு அசைகிறதோ இல்லையோ, இழுத்துவிடுவாராம். அந்தக் கை இல்லாமல் சூசைக்கு இறங்கப் பயம். பெண்டாட்டியும் போய், தொழிலும் நின்று, மனுசன் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கூட்டாளிங்க நேத்து படத்தப் பாத்துட்டு ராத்திரியே போய்ச் சொன்னானுவ. அவனுவ உனக்காவப் பொய் சொல்லுதானுவன்னு மச்சான் வெரட்டி விட்டுட்டாரு. படத்த வந்து பாருங்கன்னா, சாமியார் வேண்டாமுன்ன படத்துக்கு வர மாட்டாராம். பேப்பர்ல வந்தா நம்புவாரு."

அவர் போனதும் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். தண்ணீருக்கடியில் நடித்தது போஸ்டரில் உள்ள நடிகர் இல்லை, நம் ஊர் சூசைதான் என்று நாலு பத்தி. எனக்கு ரத்தம் சூடாகிவிட்டிருந்தது. அண்ணாச்சி எழுந்து நின்று வாசித்தார். அந்தக் குரலிலும் அது நன்றாகத்தான் இருந்தது. முடித்ததும் கேட்டார்.

"நீர் முகமூடியக் கழட்டிப் பாத்தீரா?"

"இல்ல அண்ணாச்சி. ஆனா ஊரே சொல்லுதே."

"சூசை சொன்னானா?"

"அவன் சொல்ல முடியாது. சத்தியம் பண்ணியிருக்கான்."

"அப்பம் நீர் காணல, அவன் சொல்லல. எத வச்சு எழுதுதீரு?" தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.  ஒரு குடும்பம் பிரிந்து கிடக்கிறது, இவர் சட்டம் பேசுகிறாரே என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஊரு சொல்லுதுன்னா, ஊரு சொல்லுதுன்னு எழுதும். அதுக்குத்தான வே ரெண்டாம் தடவ அனுப்புதேன். போய்ச் சனத்தப் பாரும்" என்றார்.

அன்று மேட்னிக்கே போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து பின்பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். பாறைக் காட்சி வந்ததும் திரை வெளிச்சம் முகங்களின் மேல் விழுந்தது. கை பிடரிக்குப் போனபோது அவ்வளவு முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. அத்தனை கொலை விழுகிற படத்தில் தூத்துக்குடி சனம் கொலைகாரன் பக்கம் இருந்தது. சூசை என்று கத்தினார்கள். ஒரு பெரியவர், திரையில் அவன் இறங்கும்போது தானும் சிலுவை போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து நான் எழுதியது இதுதான்: 'படம் முதல் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு அலுப்பு, பார்க்காதவர்களுக்குக் குழப்பம். ஆனால் கொலைகாரன் சிலுவை போட்டு, பிடரியில் தட்டிக்கொண்டு நீரில் இறங்கும் இடத்தில், நாம் பார்த்த இரண்டு காட்சிகளிலும் தரை டிக்கெட்டில் இருந்த சங்கு குளிப்பவர்கள் சூசை என்ற பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். ஏன் என்று கேட்டோம். கடலில் இறங்குமுன் தங்கள் தோழர் ஒருவர் பக்தியோடு செய்வது அதுவே என்றார்கள். வேதத்தைக் கேலி செய்யும் நோக்கம் எதையும் நாம் அங்கே காணவில்லை. படத்தில் உயிர் உள்ள இடம் அது ஒன்றுதான்.' அண்ணாச்சி வாசித்தார். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. அச்சுக்கு அனுப்பினார்.

அச்சு ஏறுமுன்பே தியேட்டர் மேனேஜர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். டூப் இல்லை என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறோம், இதைப் போட்டால் படக் கம்பெனி எங்களைச் சும்மா விடாது, அப்புறம் உங்களுக்கு விளம்பரமும் வராது என்றார். எங்கள் பத்திரிகைக்குச் சினிமா விளம்பரம்தான் சாப்பாடு. நான் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன்.

"நடிகரப் பத்தி ஒரு வார்த்த எழுதியிருக்கமா? உம்ம தியேட்டர்ல சனம் கைதட்டுச்சுன்னுதான எழுதியிருக்கு. தட்டலன்னு வேணா போடட்டுமா?" என்றார் அண்ணாச்சி. மேனேஜர் யோசித்தார். சனம் கைதட்டியது என்பதை எந்தத் தியேட்டர்காரர்தான் மறுப்பார். காப்பி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினோம். பல வருடம் கழித்தும் அந்த மனுசனின் நிதானத்தை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

விமர்சனம் வெளிவந்த அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று கேள்விப்பட்டோம். போகலாம் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மதியம் ஓர் ஆள் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகப் படியேறி வந்தார். தோளில் துண்டு, கயிறு உராய்ந்து காய்த்துப்போன உள்ளங்கை.

"இத எழுதினது யாரு?"

"நான்தான்."

"என் பேரு லாசர். புன்னைக்காயலு. இதுல போட்டிருக்கது நெசமா?"

"கைதட்டினது நெசம். நான் பார்த்தேன். மத்தத நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றேன். அவர் தயங்கினார். படம் பார்த்தே பல வருடம் ஆயிற்று என்றார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லி மேட்னிக்கு அழைத்துப் போனேன். எனக்கு அது மூன்றாவது தடவை. சட்டத்தில் மூன்றாவது தடவைக்கு இடமில்லை. ஆனாலும் அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் கையை அசைத்து அனுப்பினார்.

லாசர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொலைகளை முகம் சுளித்துப் பார்த்தார். பாறைக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரியில் அந்தத் தட்டு விழுந்ததும் சுற்றிலும் வழக்கம்போலச் சத்தம் எழுந்தது. அவர் கத்தவில்லை. முழங்காலில் எழுந்து நின்றார். கன்னம் உப்பியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

திரையில் அந்த ஆள் அடியிலேயே காத்துக்கொண்டிருந்தான். குளிக்க வருகிறவள் இன்னும் வரவில்லை. இயக்குநருக்கு அந்த இடத்தில் திகில் வேண்டியிருந்தது போலிருக்கிறது, காட்சியை நீட்டிக்கொண்டே போனார். லாசரின் முகம் கறுத்தது. அவர் இரண்டு கையும் தானாக மேலே வந்தன. ஒரு கை மாற்றி ஒரு கை, ஒரு கை மாற்றி ஒரு கை, வெறுங்காற்றை இழுக்க ஆரம்பித்தார். முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த, சங்கு குளிக்கிற ஒருவர் அவர்களை அதட்டினார். கைதட்டல் நின்றுபோய்விட்டது. "போதும்ல. மேல வா" என்று லாசர் சொன்னது எனக்கு மட்டுமல்ல, நாலு வரிசைக்குக் கேட்டது. திரையில் ஒருவழியாக அந்த ஆள் மேலே வந்தான். லாசரும் மூச்சை விட்டார்.

மீதிப் படத்துக்கு அவர் இருக்கவில்லை. நானும் எழுந்து வெளியே வந்தேன். வெயிலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன்தான்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஓரத்துல ஒரு கயிறு தெரிஞ்சுதே. அத யாரு பிடிச்சிருந்தா?" என்று கேட்டார்.

"தெரியல. சினிமாக்காரங்கள்ல யாராவது இருக்கும்."

 அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"பொம்பள விசயம்னு நெனச்சு அவன அடிக்கணும்னுதான் இருந்தேன். இது அதவிட மோசம் சார். தொழில் தெரியாத எவன் கையிலயோ கயித்தக் குடுத்துட்டு இறங்கியிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போய்ப் பிடிச்சிருக்க மாட்டனா?"

புன்னைக்காயல் பஸ்ஸுக்கு வலது பக்கம் போக வேண்டும். அவர் இடது பக்கம் திரும்பி, சூசையின் தெருவைப் பார்த்து வேகமாக நடந்தார்.